மில்ட்ரெட்டின் இடது புருவம்

என் மனைவியின் பாதாம் பாலைக் குடித்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சபையில் இந்தக் கதையை இதைவிட மோசமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பால் மட்டுமில்லை. நெய் விட்ட கேழ்வரகுக் கூழ், வடிகட்டிய ஆட்டுக்கால் சூப், மாம்பழ மஸ்தானி, எல்லாவற்றிலும் கை வைத்தேன். மஸ்தானி என்றால் கெட்டியான மாம்பழ மில்க்‌ஷேக், அதன் தலையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். பூனாவில் பிறந்தவர்கள் அதைக் குடிக்காமல் கோடையைத் தாண்டமாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரன் அதன் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. நான் ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரன்.

மில்ட்ரெட் பூனாவிலேயே, ஔந்த் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஸ்கூட்டர் குழியில் இறங்கி, பின்னால் இருந்தவள் தாடை தரையில் அடிக்க விழுந்தாள். மோவாயில் நாலு தையல் போட்டார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் இடது காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. ஸ்கூட்டரை ஓட்டியவன் நான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு அவள் இட்லியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து உள்ளே தள்ளுவாள். சின்னப் பிள்ளைகளின் பிரஷில்தான் பல் தேய்ப்பாள். நானும் எங்கள் மகள் டானியாவும் தெருமுனையில் பானி பூரி தின்னும்போது எங்கள் பைகளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். பானி பூரியை முழுசாக வாய்க்குள் போட வேண்டும், உடைத்தால் புளித்தண்ணீர் முழங்கையில் வழியும். ஒரு விரல் வாய்க்கு அது ஆகிற காரியமில்லை.

வாய் திறக்காத டீச்சர் வகுப்பில் எப்படிச் சத்தம் போடுவாள்? போடமாட்டாள். இடது புருவத்தை மட்டும் தூக்குவாள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் அப்படியே அடங்கிவிடும். வீட்டிலும் அதே புருவம்தான். சர்க்கரை டப்பாவை நான் தொட்டால் போதும், அது ஏறிவிடும்.

போன வருஷம் ஒரு சர்ஜன், மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிதாக ஒன்று வைத்துவிடலாம், வாய் மூன்று விரல் திறக்கும் என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மில்ட்ரெட் நாற்பத்திரண்டு கிலோதான் இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் திரவமும் கூழும்தான் என்பதால் உடம்பில் கையிருப்பு வேண்டும், ஒரு மாதத்தில் நாற்பத்தைந்து ஆனால்தான் தேதி தருவேன் என்றுவிட்டார். பிறகு பேனாவால் அவள் இடது நெற்றிப்பொட்டின் மேல் ஒரு கோடு போட்டு, “நெற்றிக்குப் போகிற நரம்பு இங்கேதான் ஓடுகிறது. சில மாதம் புருவம் தூக்க முடியாமல் போகலாம். பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்” என்றார். ‘வந்துவிடும்’ என்பதுதான் என் காதில் விழுந்தது.

டயட் பார்க்கிற பெண் எடை மெஷினில் ஏறச் சொன்னாள். மில்ட்ரெட்டுக்கு எந்த மெஷின் மேலும் நம்பிக்கை கிடையாது. “நீங்க ஏறுங்க முதல்ல, சரியாக் காட்டுதான்னு பாப்போம்” என்று என்னை ஏற்றினாள். எழுபத்தொன்று காட்டியது. அந்தப் பெண் அதையும் ஃபைல் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

தளேகாவ் ஃபாக்டரியில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுச் சமையலில் இறங்கினேன். தினம் ஆறு வேளை, என்னென்ன எப்போது என்று டானியா பெரிய அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். ஒன்பது வருஷமாக நெய் வாசனை அறியாத அடுப்படியில் திடீரென்று நெய்யும் பாதாமும் பாலும் குவிந்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? முதல் நாள் உப்புப் பார்த்தேன். இரண்டாம் நாள் இனிப்புப் பார்த்தேன். நான்காம் நாள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சும்மாவே குடித்தேன்.

அவளும் தோதாக நடந்துகொண்டாள். நாலு மணிப் பாலைப் பாதி குடித்து மேஜையில் வைத்துவிட்டு, “ரெண்டு பேப்பர் திருத்திட்டு மீதிய குடிக்கேன்” என்று உள்ளே போய்விடுவாள். திரும்பி வரும்போது கிளாஸ் காலியாக இருக்கும். “அட, குடிச்சிட்டேன் போல” என்பாள். பாவம், ஆபரேஷன் பயத்தில் மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த கிளாஸையும் குடித்தேன்.

மாதம் முடிந்து போனோம். மில்ட்ரெட் நாற்பத்திரண்டு கிலோ நூறு கிராம். டயட் பெண் ஃபைலைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், “அங்கிள், ஆப் பீ” என்று என்னையும் ஏறச் சொல்லி மெஷினைக் காட்டினாள். எழுபத்து நாலரை. அவள் கொஞ்சமும் சிரிக்காமல் ஹிந்தியில் சொன்னாள்: “சாப்பாடெல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது, வீட்டு நம்பர்தான் மாறிவிட்டது.”

சர்ஜன் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் தருகிறேன், அப்போதும் ஏறாவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

ஆட்டோவில் வரும்போது எனக்குத் தாங்கவில்லை. “மில்ட்ரெட், நாந்தான் குடிச்சேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பாதிக் கிளாஸ எதுக்கு அங்கன வச்சிட்டுப் போனேன்னு நினைச்சீங்க? நீங்க அத விட்டுவைப்பீங்களா?” பல்லிடுக்கு வழியாகவே பேசினாலும் அவள் பேச்சு தெளிவாக இருக்கும். “எடை ஏறலன்னா கத்தி வைக்கமாட்டார்லா. எனக்கு வாய் வேண்டாம். இந்தப் புருவம் போதும். இது போச்சுன்னா நாப்பத்தஞ்சு பிள்ளைகள எத வச்சு அடக்க? உங்கள எத வச்சு அடக்க?”

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன்.

“அந்தக் குழியில வண்டிய விட்டது நான்! பதினோரு வருஷமா நீ இட்லியப் பிச்சுப் பிச்சு உள்ள தள்ளுத. ஒவ்வொரு தடவையும் அந்தக் குழிதான் என் கண்ணுல நிக்கி. நீ ஒரு வாய் சோறு முழுசாத் திங்குதத நான் பாக்கணும். பாக்காம சாவமாட்டேன்!”

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மில்ட்ரெட் என் பக்கம் திரும்பினாள்.

“இத ஏன் இத்தன வருஷமாச் சொல்லல?”

“நீ கேக்கல.”

புருவம் ஏறியது. ஆனால் கண் கலங்கியிருந்தது. “சரி. இனி பாதாம் பால் முழுசும் எனக்கு. உங்களுக்குப் பாகற்காய்” என்றாள்.

அடுத்த மாதம் முழுக்க என் எதிரில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்தபடியே ஒவ்வொரு கிளாஸையும் சொட்டு விடாமல் குடித்தாள். மஸ்தானியை வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தாள். மாதக் கடைசியில் அவள் நாற்பத்தைந்து கிலோ இருநூறு. மெஷினை நம்பாமல் மறுபடியும் என்னை ஏற்றினாள். நான் எழுபது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முகம் இடது பக்கம் வீங்கியிருந்தது. சாப்பாடு எல்லாம் மிக்ஸியில் அடித்து வடிகட்டினதுதான். சாம்பார் சாதம், முள் எடுத்த மீன் குழம்பு, ஆப்பமும் ஸ்டூவும், எதையும் நான் விடவில்லை. அவள் படுக்கையில் சாய்ந்தபடி டானியாவின் அட்டவணையில் சிவப்பு மையால் மார்க் போட்டாள். ஆட்டுக்கால் சூப்புக்குப் பத்துக்கு எட்டு. மீன் குழம்புக்கு ஏழு. ஒருநாள் ஆசைப்படுவாளே என்று முளைகட்டிய பயறு போட்ட காரமான மிசல் வாங்கிவந்து அடித்தேன், சுவருக்கு அடிக்கிற காவி பெயிண்ட் மாதிரி வந்தது. பத்துக்கு ஒன்று போட்டு, பக்கத்தில் ‘பெற்றோர் நேரில் வரவும்’ என்று எழுதியிருந்தாள்.

தினம் வாய்ப் பயிற்சி உண்டு. ஐஸ்கிரீம் குச்சி மாதிரி தட்டையான குச்சிகளை அடுக்கி, பல்லுக்கு நடுவில் வைத்துப் பிடிக்க வேண்டும். ஆறு குச்சியில் ஆரம்பித்தது. வலியில் கண்ணீர் ஓடும், ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு குச்சியாவது கூட்டாமல் விடமாட்டாள்.

புருவம் மட்டும் எழும்பவில்லை. இடது நெற்றி இஸ்திரி போட்ட துணி போலச் சுருக்கமில்லாமல் கிடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போன முதல் நாளே ஒன்பதாம் வகுப்பு பி ஆழம் பார்த்துவிட்டது. அவள் முறைத்தாள், வலது புருவம் மட்டும் ஏறியது, கடைசி பெஞ்ச் சிரித்தது. உடனே மில்ட்ரெட் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கிறாள். இரண்டு வகுப்பு தள்ளி ஹிந்தி டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டாராம். இதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் நின்று, விரலால் அந்தப் புருவத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்ததும் அது விழுந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் நான் அழுதேன். ஆட்டோவில் கத்தாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஐந்தாவது மாதம் பத்தொன்பது குச்சி, கிட்டத்தட்ட மூன்று விரல் ஆனது. இனி என்ன வேண்டுமானாலும் தின்னலாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தெருமுனையில் பானி பூரி வண்டி முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

“பையப் பிடிங்க” என்று கைப்பையை என்னிடம் கொடுத்தாள்.

“தீக்கா யா மீட்டா?” காரமா, இனிப்பா என்றார் வண்டிக்காரர்.

“தீக்கா.”

முதல் பூரியைக் கிண்ணத்தில் வைத்தார். மில்ட்ரெட் அதை எடுத்து, ஒரு நிமிஷம் அளவு பார்த்து, வாயைத் திறந்து முழுசாக உள்ளே வைத்து மூடினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. உள்ளே அது நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. காரத்தில் அவள் கண்ணில் நீர் வந்தது. எனக்கும் வந்தது, நான் ஒன்றும் தின்னவில்லை.

இரண்டு, மூன்று, நான்கு. அவள் நிறுத்தவில்லை. ஆறாவது உள்ளே போனதும் வண்டிக்காரர் வழக்கம்போலக் கடைசியாக இலவசமாகத் தருகிற சுக்கா பூரியைக் கிண்ணத்தில் வைத்தார். தண்ணீர் இல்லாத பூரி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, மேலே ஓமப்பொடி மாதிரி சேவ். ஆறு மாதமாகப் பாகற்காய் தின்கிறேன். அவளோ வாய் நிறைய மென்றுகொண்டிருக்கிறாள். ஒன்றே ஒன்றுதானே என்று கையை நீட்டி எடுத்தேன்.

இடது புருவம் ஏறியது. துருப்பிடித்த கடை ஷட்டர் மாதிரி பாதியில் கொஞ்சம் நின்று, நடுங்கி, பிறகு மேலே போய் நின்றது.

நான் பூரியை அப்படியே கிண்ணத்தில் போட்டுவிட்டேன். “மில்ட்ரெட், புருவம்! புருவம் ஏறிட்டு!” என்று தெருவில் நின்று கத்தினேன். பை கீழே விழுந்தது.

அவள் ஒரு விரலால் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது இறங்கவில்லை. நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு, என்னைப் பார்த்தபடியே, அந்தச் சுக்கா பூரியையும் எடுத்து முழுசாகத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.