செவிட்டுப் பக்கம்

எண்ணெயில் மீன் துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் ஊரில் பாதிப்பேர் மாதா கோவிலுக்கு அடியில் இருக்கும் கூடத்தில்தான் கிடப்பார்கள். மத்தியானம் மூன்று மணிக்கே வரிசை படியேறி வாசல்வரை போய்விடும். மீன், உருளைக்கிழங்கு அடைத்த பியரோகி, முட்டைக்கோஸ் கூட்டு, அட்டைக் கோப்பையில் காப்பி. வருஷா வருஷம் மீன் பொரிக்கிறவன் ஏர்ல் நொவாட்னி. வயது எழுபதை நெருங்கியும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவன் நிற்கிற இடமும் எப்போதும் ஒன்றுதான்: இடது பக்கம் சுவர், வலது பக்கம் ஜனங்கள். அது ஏன் என்று அவன் மனைவி டோலரஸுக்கு மட்டும் தெரியும்.

அன்று கூடத்தில் ஒரே பேச்சுதான். பழைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபத்தில் இந்த வருஷம் ஒரே ஒரு இடம் பாக்கி. அந்த இடத்துக்கு, எதிரணியில் பந்தெறிபவனைக் கவிழ்க்கிற டிஃபென்சிவ் எண்டுகள் இருவரின் பெயர் அடிபடுகிறது என்று காலைப் பேப்பரில் வந்திருந்தது. ஒருவன் லூயிவில் அணியின் கிளைட் மேபெரி, செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. இன்னொருவன் டுலூத் அணியின் ராய்ஸ் டீக்கன். அவன் உயிரோடுதான் இருக்கிறான்.

"மேபெரிதான்யா," என்றான் கஸ் பெட்ராக். கஸ் உருக்காலையில் இருந்தவன், ஆயுளில் பந்தைத் தொட்டதில்லை, பேச்சில் மட்டும் பயிற்சியாளன். "அந்த உடம்பு வளைஞ்சு உள்ள போறத பாத்திருக்கியா? தோள் தரையில உரசும். பந்தெறியிறவன் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள இடுப்பப் புடிச்சிருப்பான்."

"போய்யா, நீயும் உன் மேபெரியும்," என்றான் லெனி. "அவன் டான்ஸ்காரன். டீக்கன் வந்தா ஒரு பக்கமே இடிஞ்சு விழும். ரெண்டு பேர வெச்சு மறிச்சாலும் ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போவான்."

"அடிச்சே கொன்னான்னு சொல்லு. அது ஆட்டமா?"

"அப்போ அது சட்டம்தான? சட்டத்துல இருந்துச்சு, அடிச்சான். யோவ் ஏர்ல், நீ சொல்லு. ரெண்டு பேரு முன்னாடியும் நின்னவன் நீதான. யாரு பெரிய ஆளு?"

ஏர்ல் கரண்டியைத் தட்டி எண்ணெயை வடித்தான். "மீன் ஆறுது. எடுத்துட்டுப் போ," என்றான்.

"பாத்தியா, மனுஷன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்! ஞாயித்துக்கெழம ஓர்சினிக்குத்தான் சொல்லுவானாம். நமக்கெல்லாம் மீன் மட்டுந்தான்."

ஓர்சினி பத்திரிகைக்காரன், தேர்வுக் குழுவில் ஒருவன். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருந்தான். ஏர்ல் சொல்வதற்கு ஏன் அத்தனை மதிப்பு என்றால், அந்தக் காலத்தில் பந்தெறிபவனை எத்தனை தடவை யார் கவிழ்த்தார்கள் என்று ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. கிடைக்கிற படச்சுருளெல்லாம் கறையும் கீறலும். பந்தெறிபவனைக் காக்க எதிரே நின்று மறித்தவன் வாக்குமூலம்தான் கணக்கு. இந்த இருவரையும் வருஷக்கணக்கில் மறித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் மண்ணுக்குள். இன்னொருவன் ஃப்ளாரிடாவில், பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மிச்சம் ஏர்ல். ஓர்சினி போனில் சொன்னபோதே ஏர்லுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து ராய்ஸ் டீக்கனின் குடுமி தன் கையில் வந்திருக்கிறது. அன்றைக்கு அவன் இரண்டு பியர் குடித்துவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினான்.

அவனுக்கு உண்மை தெரியும். அதுதான் அதில் இனிப்பே. மேபெரி நல்ல ஆட்டக்காரன், மிக நல்ல ஆட்டக்காரன். விழுத்தாட்டிவிட்டுக் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவான், "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். அவனோடு மோதுகிற வாரத்தில் ஏர்ல் ஒழுங்காகச் சாப்பிட்டான். டீக்கனோடு மோதுகிற வாரத்தில் புதன்கிழமையிலிருந்தே வயிற்றில் எதுவும் தங்காது. மேபெரியிடம் ஒரு வித்தை இருந்தது, அற்புதமான வித்தை, ஆனால் ஒன்றுதான். இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் பாதி நாள் அவனைத் தடுத்துவிடலாம். டீக்கனுக்கு எதை வைத்தாலும் அடுத்த முறை அதையே உன் மேல் திருப்புவான். கற்றுக்கொண்டே வருகிறவனை என்ன செய்வது? இரண்டு பேரையும் தராசில் வைத்தால் டீக்கன்தான் கனம், கொஞ்சநஞ்சமல்ல. அதைத் தெரிந்துகொண்டே மேபெரி என்று சொல்ல வேண்டும். தெரியாமல் சொன்னால் அது வெறும் அபிப்பிராயம். தெரிந்து சொன்னால்தான் பழி.

அந்த அடியைப் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பின்னால் தடை செய்துவிட்டார்கள். அப்போது எல்லோரும் அடித்தார்கள்: பந்து நகர்ந்த நொடியில் எதிராளியின் தலைக்கவசத்தில், காது இருக்கிற இடத்தில், திறந்த கையால் ஓங்கி ஓர் அறை. தலை கிறுகிறுக்கும், அதற்குள் அவன் உன்னைத் தாண்டிப் போயிருப்பான். டீக்கன் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை துணிப்பட்டையைச் சுற்றி, நனைத்துக் காயவைத்துக்கொண்டு வருவான். கை பலகையாகியிருக்கும். டுலூத்தில் ஒரு நவம்பர் மாதம், சேறும் பனியும் கலந்து கணுக்கால்வரை. முதல் அறை விழுந்தபோதே ஏர்லின் இடது காதுக்குள் என்னவோ கிழிந்தது. சூடாகக் கழுத்தில் ஒழுகியது. எதிரே நிற்கிறவனுக்கு எங்கே வலிக்கிறது என்று காட்டிவிடக் கூடாது. காட்டினால் அங்கேயே அடிப்பான். மறிக்கிறவர்கள் தொழிலில் பால்குடியிலேயே கற்றுக்கொடுக்கிற பாடம் அது. ஏர்ல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். டீக்கன் அன்று முழுக்க அதே காதில் அடித்தான். வீட்டுக்கு வந்த பிறகும் ஏர்ல் யாரிடமும் சொல்லவில்லை. அணி வைத்தியரிடம் சொன்னால் அடுத்த வாரம் வேறொருவன் அவன் இடத்தில் நிற்பான்.

டோலரஸிடமும் சொல்லவில்லை. அங்கேதான் பாவி கெட்டான். அந்தக் குளிர்காலத்தில் அவர்களுடைய இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு டோலரஸ் படுக்கையில் அவனுடைய இடது பக்கம் படுத்து விடியும்வரை அழுதாள். அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். ஏர்ல் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், அசந்து தூங்கினான். என் புருஷன் நெஞ்சு கல் என்று ஒரு வருஷம் அவள் நம்பினாள். ஒரு வருஷம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் இடது பக்கமிருந்து அவள் போட்ட தட்டு உடைந்ததற்குக்கூட அவன் திரும்பாததைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது. அன்று இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அன்றிலிருந்து அவள் வலது பக்கம். கட்டிலில், கோவிலில், தெருவில், எல்லாவற்றிலும் வலது பக்கம். டீக்கன் காதை மட்டும் எடுத்திருந்தால் ஏர்ல் என்றோ மறந்திருப்பான். அந்த ஒரு வருஷத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். அதற்குத்தான் அவன் நாசமாய்ப் போக வேண்டும்.

கூடத்தில் பேச்சு சட்டென்று அடங்கியது. ஏர்ல் நிமிர்ந்து பார்த்தான். படிக்கட்டில் ஒருவன் கைத்தடி ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான். தோள் மட்டும் பழைய தோள். இடுப்புக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் தாமாக வழிவிட்டார்கள். கஸ் வாயில் போட்ட மீனை மெல்ல மறந்தான்.

ராய்ஸ் டீக்கன் நேரே சட்டிக்கு எதிரே வந்து நின்றான். "ஏர்ல்," என்றான்.

"தட்டு அங்க இருக்கு. பணம் மேரியன்கிட்ட கொடுக்கணும்."

"கொடுத்துட்டேன்." டீக்கன் தட்டைக் காட்டினான். "மினசோட்டாவிலருந்து பஸ்ல வந்தேன்பா. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டான். பத்து நிமிஷம் உட்காருவியா?"

"ஓர்சினி விஷயமா?"

"உட்காரு. சொல்றேன்."

ஏர்ல் கரண்டியை லெனியிடம் கொடுத்தான். கையைத் துடைத்தான். மூலையில் ஒரு மேஜை காலியாக இருந்தது. போகிறபோதே அவனுக்கு அந்த யோசனை வந்தது, வந்ததும் உடம்பெல்லாம் ஒரு குளுமை பரவியது. நாற்காலியை இழுத்துப் போட்டு டீக்கனை உட்கார வைத்தான். தான் சுற்றி வந்து, தன் இடது காது அவன் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் உட்கார்ந்தான். வலது காதை ஜனங்களின் இரைச்சலுக்குக் கொடுத்தான். முட்டைக்கோஸ் பாத்திரத்துக்குப் பின்னால் நின்ற டோலரஸ் இதைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த கரண்டி பாதியில் நின்றது.

டீக்கன் பேசத் தொடங்கினான். ஏர்ல் முகத்தைத் திருப்பவில்லை. பேசுடா, பேசு, என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். நீ கொன்ற காதிடமே கெஞ்சு. தட்டுகள் உரசுவது கேட்டது, குழந்தைகள் ஓடுவது கேட்டது, பிங்கோ ஆட்டத்துக்கான நாற்காலிகளை யாரோ அடுக்குவது கேட்டது. டீக்கனிடமிருந்து ஓர் எழுத்துகூட வரவில்லை. கடைக்கண்ணில் அவனுடைய வலது கை மட்டும் தெரிந்தது. மேஜைமேல் மல்லாந்து கிடந்தது, விரல்கள் நாலு திசையில் கோணி, முட்டிகள் வீங்கி. அந்தக் கையால் இப்போது சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. ஏர்லுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிவுமறைவு இல்லாத சந்தோஷம். ஒரு கட்டத்தில் மேஜை லேசாக நடுங்கியது. டீக்கன் அழுகிறான் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. அப்போதும் அவன் திரும்பவில்லை.

டோலரஸ் பக்கத்து மேஜையைத் துடைக்கிற சாக்கில் வந்து நின்றாள். துணி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசியில் டீக்கன் எழுந்தான். கோணல் கையை ஏர்லின் தோளில் ஒரு கணம் வைத்தான். எதற்கோ பதிலை எதிர்பார்த்து நின்றான். ஏர்ல் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கன் மெல்லத் தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனான். தட்டில் மீன் வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்னய்யா சொன்னான்?" கஸ் ஓடிவந்தான். "கால்ல விழுந்தானா?"

"விழுந்தான்," என்றான் ஏர்ல். "எனக்குத்தான் எதுவும் காதுல விழல."

கஸ் அதை அகம்பாவம் என்று எடுத்துக்கொண்டு ஓவென்று சிரித்தான், மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னான். டோலரஸ் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்து, சட்டியை அலசிக் கவிழ்த்து, இருவரும் வெளியே வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்காற்றோடு பனி சாய்வாக விழுந்தது. வண்டி பக்கத்தில் டோலரஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணும்னேதான அப்படி உட்கார்ந்த?"

"ஆமா."

"அவன் கேட்டது நீ நெனைக்கிறது இல்ல, ஏர்ல். அந்த மண்டபத்தப் பத்தி அவன் ஒரு வார்த்தகூட பேசல."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா எப்படி? நான் கேட்டுட்டனே. கேட்டத எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிரு. நான் மேபெரின்னு சொல்லி போனை வெச்சப்புறம் என்ன வேணா சொல்லு."

"அப்புறம் சொன்னா அது உனக்கு தண்டன. இப்ப சொல்றேன், கேளு."

கல்யாணமான நாளிலிருந்து வண்டியை ஓட்டியவன் ஏர்ல்தான். அமெரிக்க வண்டியில் ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம் கண்ணாடி, வலது பக்கம் மனைவி. அவனுக்கு அது கடவுளாகப் பார்த்துக் கொடுத்த ஏற்பாடு. இப்போது பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நீ ஓட்டு," என்றான்.

டோலரஸ் சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. அந்த முகத்தை ஏர்ல் முன்னால் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்திருக்கிறான். அவன் அவசரமாக மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். இடது காது அவள் பக்கம்.

வண்டி கிளம்பியது. மூடிக் கிடந்த ஆலையைத் தாண்டியது, வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. முன்கண்ணாடியின் மங்கலில் அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலது பக்கத்தில் சக்கரம் பனியை அரைக்கிற சத்தம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டான். மேபெரி. மூன்று எழுத்து. சொல்ல எத்தனை நேரமாகிவிடப்போகிறது.

சக்கரச் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தான். ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் ஓரமாக வண்டி நின்றிருந்தது. ஓட்டுகிற இருக்கை காலி, அந்தப் பக்கக் கதவு திறந்து கிடக்க, பனி உள்ளே வந்து இருக்கைமேல் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் டோலரஸ் வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றி, ஒரு கையால் எஞ்சின் மூடியைப் பிடித்துக்கொண்டு, வழுக்காமல் கால் ஊன்றி ஊன்றி வந்தாள். தலையில் துணியில்லை. அவனுடைய வலது பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். விரல் முட்டியால் தட்டினாள். அது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஏர்லின் கை கண்ணாடி இறக்குகிற பிடியின்மேல் இருந்தது. வெளியே அவள் நரைத்த முடியில் பனி ஏறிக்கொண்டிருந்தது. மறுபடியும் தட்டினாள்.