கப்பலேறாதவனின் அக்காள்

உலகம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்ரீவைகுண்டத்தில் அவளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. புருஷன் செத்துத் தாய்வீடு திரும்பியவள், தாய் தகப்பன் இல்லாத தம்பி வன்னியராஜை வளர்த்து ஆளாக்கியதே அந்த வாயை வைத்துத்தான். அப்பேர்ப்பட்டவள் எட்டு மாதமாகத் தெருவில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

காரணம் வீட்டுப் பரண்மேல் இருந்தது.

பட்டாளத்தில் சேர்ந்த வன்னியராஜ், வெள்ளைக்காரன் சண்டைக்காகப் பஸ்ராவுக்குக் கப்பலேறும் முன் பத்து நாள் லீவில் வந்தான். பத்தாம் நாள் மூட்டையைக் கட்டினான். பதினோராம் நாள் பரணில் ஏறிப் படுத்துவிட்டான். "அங்கன போனவன் ஒருத்தனும் திரும்பலைக்கா" என்று அழுதான். அதற்குமேல் உலகம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கிராம முன்சீப் பட்டாளத்துக் காகிதத்தோடு விசாரிக்க வந்தபோது, "திருநெல்வேலிக்குப் போயி ரயிலேறிட்டானே!" என்று கண் இமைக்காமல் சொன்னாள்.

ஆளைப் பரணில் ஒளிக்கலாம். அவன் பெண்டாட்டி கோமுவின் வயிற்றை எங்கே ஒளிப்பது?

ஒருநாள் ஆற்றில் துணி துவைக்கும்போது எதிர்வீட்டுச் சண்முகசுந்தரி ஆரம்பித்தாள். "புருஷன் கடலுக்கு அங்கிட்டு இருக்கான். வயிறு மட்டும் இங்கன வளருதே, அது என்ன மாயம்?"

பெண்கள் சிரித்தார்கள். கோமு தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டு மருமகளை நாக்குமேல் பல் போட்டுப் பேசுவதா?

"ஏட்டி! எந் தம்பி பிள்ளைட்டி அது! எட்டு மாசமா அவன் எங்க வீட்டுலதாம் இருக்கான்!"

சிரிப்பு நின்றது. துவைக்கிற சத்தமும் நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உலகம்மாளுக்கு உறைத்தது.

விளக்கு வைப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. பரணிலிருந்து இறங்கிய வன்னியராஜால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, முதுகு அப்படிக் கூனிப்போயிருந்தது. அக்காளைத் திட்டவும் இல்லை அவன். திட்டியிருந்தால் தேவலை. பட்டாளத்துக் கோர்ட்டு அவனுக்கு ஏழு வருஷம் கடல்தாண்டித் தீவுக்கு நாடு கடத்தும் தீவாந்தர சிட்சை விதித்ததாக முன்சீப் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஓடிவந்த சிப்பாயை ஒளித்து வைத்த குற்றத்துக்காக உலகம்மாள்மேலும் கோமுமேலும் வழக்குப் பதிவானது. இரண்டு வருஷம்வரை ஜெயில் உண்டாம்.

தம்பியைத்தான் வாயால் கெடுத்தாயிற்று, அவன் பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று உலகம்மாள் முடிவு கட்டினாள்.

வழக்கு விசாரணை அன்று கோமுவுக்கு ஏழாம் மாதம். கோர்ட்டு வாசலில் அவள் மெல்லச் சொன்னாள்: "மைனி, ஒளிச்சு வச்சது, சோறு போட்டது எல்லாம் நாந்தான்னு சொல்லிருதேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுதேன்."

"வாயை மூடுட்டி! செயில்லயா பிள்ளை பெறப் போற? உள்ள என்ன கேட்டாலும் நீ பேசப்படாது. என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணு."

கோமு அவள் தலையில் கை வைத்தாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த வக்கீல் குமாஸ்தா நமச்சிவாயம் பிள்ளை, "என்ன வழக்கு தாயி? சொல்லு, கேப்போம்" என்றார். தெரு சிரித்தது போதாதென்று கோர்ட்டு வாசலும் சிரிக்க வேண்டுமா? "எங்க பாட்டை நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்று வெட்டிவிட்டு உள்ளே போனாள் உலகம்மாள்.

"ஒளித்து வைத்தது யார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நாந்தான் எசமான். பரண்ல ஏத்துனதும் நான், முன்சீப்புகிட்டப் பொய் சொன்னதும் நான். இவ வாயில்லாப் பூச்சி. என் பேச்சுக்குப் பயந்து இருந்தா."

மாஜிஸ்திரேட் கோமுவைக் கேட்டார். அவள் உலகம்மாளின் தலையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

கோமுவுக்கு விடுதலை. உலகம்மாளுக்கு ஒரு வருஷம் கடுங்காவல். தீர்ப்பைக் கேட்டதும் உலகம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகும் வண்டிக்காகப் போலீஸ்காரனோடு நின்றபோது குமாஸ்தா கிட்டே வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"அவசரப்பட்டுட்டியே தாயி. புருஷனை ஒளிச்சு வச்ச பெண்டாட்டிக்குத் தண்டனை கிடையாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. அக்காளுக்குத்தான் அந்த விலக்கு இல்லை. அந்தப் பிள்ளை 'நாந்தான் வச்சிருந்தேன்'னு சொல்லி, நீ சும்மா நின்னிருந்தா, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

உலகம்மாள் கோமு நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோமுவுக்குத் தாய் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு உலகம்மாளை விட்டால் வீட்டில் வேறு ஆள் கிடையாது. இன்னும் இரண்டு மாதம்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோமு பக்கத்தில் வந்தாள். "அண்ணாச்சி என்ன சொன்னாவ மைனி?"

சொன்னால், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடியதை நினைத்து இந்தப் பெண் ஆயுசுக்கும் அழுவாள்.

"ஒண்ணுமில்லட்டி. வெயில் ஏறுது, பைய நடந்து வீட்டுக்குப் போ" என்றாள் உலகம்மாள். வண்டி வந்துவிட்டது. ஏறுமுன் திரும்பினாள். "வலி கண்டா சண்முகசுந்தரியைக் கூப்பிடு. கூசாத. நான் கும்பிட்டுக் கேட்டேன்னு சொல்லு."