அவள் பேரில் ஒரு வீடு

முனாப் ஹாஜியார் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஸப்னாவிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். கல்யாணத்தால் படிப்பை விட்ட தாய்மார் மறுபடி கல்லூரிக்குப் போகப் பண உதவி செய்யும் நிதியம் அது. கல்முனைக்கு அவர்தான் பொறுப்பு.

"ஊடு யார்ர பேர்ல இரிக்கி, மகள்?"

"என்ட பேர்ல."

"அப்ப தர ஏலாதே. சொந்தப் பேர்ல சொத்து இரிக்கிற பொம்புளைக்கு இல்லண்டு சட்டம்."

சட்டத்தைக் கொழும்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள். இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டி, அதை அவள் பேருக்கு எழுதி, மாப்பிள்ளையைக் கூட்டிவந்து உள்ளே இருத்த வேண்டும் என்பது அந்த மகராசனுக்குத் தெரியாது. ஸப்னாவின் வாப்பாவும் அப்படித்தான் கட்டினார். கூரைக்குக் காசு போதாமல் போனபோது அவளுடைய கணக்கியல் டிப்ளோமா பாதியில் நின்றது. ஒரு தடவை படிப்பைத் தின்ற வீடு இப்போது இரண்டாம் தடவையும் வாயைத் திறக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"புருசன்ட பேருக்கு மாத்திட்டு வாங்களன்" என்றார் ஹாஜியார், சட்டை மாற்றச் சொல்வது போல.

அன்று மாலை அவள் இதைச் சொன்னபோது, புடவைக் கடையிலிருந்து வீடு வந்திருந்த கணவன் ஜுனைட் தேநீரை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். "எழுதுவமே. ஊடு எங்கயும் ஓடிப் போகாதே" என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் மறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊடு கட்டக் கல்லு வாங்கச் சேத்து வெச்ச காசத் தாங்களன்" என்றாள் அவள்.

"அது ஆதிலாட காசி. பொம்புளப் புள்ளைக்கு இப்பயே தொடங்காட்டி எப்ப தொடங்குற?"

அவர்கள் மகள் ஆதிலாவுக்கு ஒன்பது வயது.

மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவு அறையில் ஒதுங்கியிருக்கும் ஸப்னாவின் தாய் றபீக்கா, விசயம் தெரிந்ததும் அகப்பையோடு வந்து நின்றாள். "ஒனக்கு மூளை கலங்கிட்டாகா? இப்ப சண்டை வந்தா அவன் சாரனத் தூக்கிக்கிட்டு உம்மாட ஊட்டுக்குப் போறான். நாளைக்கு நீ எங்க போவாய்?"

ஸப்னா உம்மாவின் கையிலிருந்த அகப்பையை வாங்கி வைத்தாள். உம்மா சொன்னதும் சரி, ஜுனைட் நல்லவன் என்பதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் இருந்தது. வீட்டை எழுதிக்கொடுத்தால் பயம், கொடுக்காவிட்டால் படிப்பில்லை. தனக்கென்று இருக்கிற ஒரே பொருள்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை காலை, ஜுனைட் சொல்லி வைத்திருந்த கல்லை ஏற்றிக்கொண்டு டிரக்டர் வாசலில் வந்து நின்றது. கல்லைக் கொட்டிய பிறகுதான் காசு கைமாறும். ஆதிலா வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தாள்.

"என்னத்துக்கு உம்மா இவ்வளவு கல்லு?"

"ஒனக்கு ஊடு கட்ட, மகள்."

"நான் கேக்கல்லியே."

ஸப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. நானும் கேட்கவில்லையே என்று அன்றைக்கு வாப்பாவிடம் சொல்லத் தனக்கு ஏன் தோன்றவில்லை?

"எங்க ராத்தா கொட்ட?" டிரக்டர்காரன் இன்ஜினை நிறுத்தாமல் சத்தமாகக் கேட்டான்.

உள்ளேயிருந்து ஜுனைட் வருவது கேட்டது. கேற்றின் ஒரு கதவு ஏற்கனவே திறந்து கிடந்தது. மற்றக் கதவை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி ஸப்னா வழியில் நின்றாள்.