பாறைக்கு ஏறிப் போன பேச்சு

காலங்காத்தால கோழி கூவுதோ இல்லியோ, எங்க வூட்டுல எம் புருஷன் தனசேகரன் கூவிடுவாரு.

"அன்பு உறவுகளே, வணக்கம். இன்னிக்கு நாம பார்க்கப் போறது, மன்னிக்கிற மனசு."

மன்னிக்கிற மனசாம்! கேக்கும்போதே எனக்கு அடிவயித்துலருந்து பத்திகினு வரும். கணியம்பாடியில நடந்த விவசாயக் கூட்டத்துல எவனோ ஒருத்தன் இவரு கையில மைக்கக் குடுத்துட்டான். அன்னியிலருந்து புடிச்ச பைத்தியம் இது. தெனமும் செல்போன்ல நல்லது நாலு பேசி, ஊரு குரூப்புக்கு அனுப்பணும். அதுல எரநூத்திப் பன்னெண்டு பேரு கீறாங்க. பாதிப் பேரு பதிலுக்குக் கும்புடற கை படம் போடுவாங்க. அதப் பார்த்துட்டு இவரு மீசையத் தடவிக்குவாரு.

எங்க மலையில வூட்டுக்குள்ள டவர் எடுக்காது. ஊருக்கு மேல கீற பாறை உச்சிக்குப் போனாத்தான் எடுக்கும். அதனால வூட்டுலயே பேசி முடிச்சி, அனுப்பற அம்புக்குறிய ஒரு தட்டு தட்டி, பாக்கெட்டுல போட்டுகினு ஏறுவாரு. உச்சியில டவர் புடிச்சதும் பேச்சு தானா போயிடும். போற வழியில தன் கொரலத் தானே போட்டுக் கேட்டுகினு வேற போவாரு. அந்தக் கொரலு மேல அவ்ளோ ஆசை!

இந்த மன்னிக்கிற மனசுக்காரரு, கூடப் பொறந்த தம்பி சின்னராசுகிட்ட நாலு வருஷமா பேசறதில்ல. ரெண்டு பேரு கொல்லை நெலத்துக்கும் நடுவுல நிக்கிற ஒரு புளியமரம் யாருதுன்னு தகராறு. பஞ்சாயத்துல மரம் எங்களுதுன்னு முடிவாச்சி. தம்பிக்காரன் திருட்டுப் பயன்னு பேரு வாங்கினான்.

போன வாரம் சின்னராசு ஆலங்காயம் போற ரோட்டுல வண்டியோட விழுந்து கால ஒடச்சிகினான். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கொல்லையில சாமை முத்தி நிக்குது. முத்துன சாமைய நாலு நாளு விட்டா மணியெல்லாம் மண்ணுல கொட்டிடும். மேல ஐப்பசி மழை வேற மூட்டம் கட்டிகினு கீது. அருணா, அதான் சின்னராசு பொண்டாட்டி, ஒருத்தியா எத்தினி தூரம் அறுப்பா?

ஊருல எல்லாரும் அருவாளத் தீட்டி வெச்சிகினு ரெடிதான். ஆனா எங்க ஊரு வழக்கம் ஒண்ணு கீது. கொல்லைக்காரன் படுத்துட்டான்னா, அவன் ரத்த சொந்தம் முதல்ல எறங்கி ஒரு புடி அறுக்கணும். அப்பறந்தான் மத்தவங்க கால் வெக்கலாம். சொந்தம் உசுரோட கீறப்போ ஊரு எறங்கினா, அவன நாதியத்தவன்னு ஊரே சொன்ன மாதிரி. அந்த அவமானத்த அவனுக்கு யாரும் பண்ண மாட்டாங்க. சின்னராசுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க. அத வுட்டா ரத்த சொந்தம்னு கீறது எம் புருஷன் ஒருத்தருதான். இவரு எறங்கல. ஊரு வரப்போட நிக்குது. அந்தப் புள்ளைங்க ஒரு வருஷத்துக்குத் தின்ன வேண்டிய சோறு மண்ணுல கொட்டுது. இவரு இங்க குந்திகினு மன்னிப்பப் பத்திப் பேசறாரு!

எனக்குத் தாங்கல. அடுப்புல கீற களிய அப்பிடியே வுட்டுட்டு வந்தேன்.

"யோவ், நிறுத்துயா! கூடப் பொறந்தவன் கால் ஒடஞ்சி கெடக்கறான். எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு இன்னாயா பேச்சு? எரநூறு பேருக்கு நல்லவன், வூட்டுக்குள்ள கல்லா?"

அவரு செல்போனக் கீழ வெச்சாரு. "அவன் எங்கப்பன் எனக்குக் குடுத்த மரத்துக்கு ஆசப்பட்டவன். நியாயம் எம் பக்கம் கீது. எங்கப்பன் சொன்னத ஊரு முன்னாடி சொன்னதே நீதானே?"

"இன்னா பெரிய நியாயம்! அந்த மரம் சின்னராசுதுயா! உங்கப்பன் சாவறப்போ எங்கிட்ட சொன்னது அதான். நான்தான் பஞ்சாயத்துல மாத்திச் சொன்னேன். போதுமா? இப்போ போய் அறு!"

சொல்லணும்னு சொல்லல. கோவம் வந்தா எனக்கு வாய்க்கும் மனசுக்கும் நடுவுல கதவே இருக்காது. நாலு வருஷமா அமுக்கி வெச்சது, அடச்சீ, களி கிண்டற நேரத்துல வெளிய வந்துடுச்சி.

ஏன் பொய் சொன்னேன்னு கேக்கறீங்களா? அந்த வருஷம் சந்தையில அருணா என் புளியக் கையில எடுத்துப் பார்த்து, "இன்னாக்கா, இவ்ளோ கறுப்பு?"ன்னு நாலு பேரு முன்னாடி சிரிச்சா. அவ்ளோதான். வேற ஒண்ணியும் இல்ல.

அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சி. போன எடுத்து, எப்பவும்போல அம்புக்குறியத் தட்டி, பாக்கெட்டுல போட்டுகினு கெளம்பிட்டாரு. போனப்பறந்தான் எனக்கு உறைச்சிது. கீழ வெச்சப்போ அவரு பதிவ நிறுத்தவே இல்ல. நான் கத்துனது அத்தினியும் அதுக்குள்ள கீது!

ஓடினேன். முள்ளு குத்துனது கூடத் தெரியல. பாறைக்குப் பாதி வழியில, வளைவுல கீற கல்லு மேல குந்தியிருந்தாரு. போனு காதுல. எங் கொரலு எனக்கே கேட்டுது. "நான்தான் பஞ்சாயத்துல மாத்திச் சொன்னேன்."

"அழிச்சிடுயா"ன்னேன். "உன் காலப் புடிக்கறேன். இன்னும் டவர் எடுக்கல, அழிச்சிடலாம். நீ சும்மா போய் எறங்கிடு, தம்பி மேல பாசம்னு ஊரு நெனச்சிக்கட்டும். மரத்த அப்பறமா நைசாத் திருப்பிக் குடுத்துடலாம்."

அவரு என்ன ஏற எறங்கப் பார்த்தாரு.

"நாலு வருஷம் அவன் மூஞ்சியில முழிக்காம இருந்தேன்டி. எதுர்ல வந்தா காறித் துப்பினேன். எல்லாம் உன் வாயால. எரநூறு பேருக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணான்னு இப்பத்தானே என்னக் கேட்டே?"

எழுந்து மேல ஏறினாரு. நான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். ஒதறிட்டுப் போனாரு. பாறை உச்சியில காலையில எப்பவும் பத்துப் பேராவது போனும் கையுமா குந்தியிருப்பாங்க. அத்தினி போனும் ஒண்ணா 'டிங்'குன்னுச்சி.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. எம் பேர இப்பிடி நாறடிச்சிட்டானே பாவின்னு மனசுக்குள்ள கண்டபடி திட்டிகினேதான் அவரு பின்னால சின்னராசு கொல்லைக்கு எறங்கினேன். அவரச் சொல்ல ஏதாவது ஒரு குத்தம் கெடைக்குதான்னு வழி நெடுக தேடினேன். ஒண்ணியும் கெடைக்கல. அதுல இன்னும் ஆத்திரம்.

நாங்க போறதுக்குள்ள எங் கொரலு அங்க போய்ச் சேர்ந்துடுச்சி. எவனோ பாறையிலருந்து ஓடியாந்து செல்போன சத்தமா வெச்சிகினு நின்னான். ஊரே கேட்டுகினு இருந்துச்சி.

எம் புருஷன் யாரையும் பார்க்கல. செருப்பக் கழட்டிட்டு, வரப்புல கெடந்த ஒரு அருவாள எடுத்துகினு கொல்லையில எறங்கி, ஒரு புடி சாமைய அறுத்துக் கொண்டுபோய், கட்டுக் காலோட கல்லு மேல குந்தியிருந்த தம்பி மடியில வெச்சாரு. சின்னராசு அத ரெண்டு கையாலயும் புடிச்சிகினான். கண்ணுல தண்ணி.

"வெயிலு ஏறுதுண்ணே"ன்னான். அவ்ளோதான்.

ஊரு மொத்தமும் எறங்குச்சி. நான் மட்டும் வரப்பு மேல நின்னேன். ஒருத்தரும் என்ன வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல.

அருணா நேரா எங்கிட்ட வந்தா. மூஞ்சியில துப்பப் போறான்னு கண்ண மூடிகினேன். துப்பல. கையில இருந்த அருவாள என் காலடியில போட்டா.

"எம் புருஷன ஊரு திருடன்னு சொன்ன நாலு வருஷத்துக்கு உன்னக் கேக்காம வுட மாட்டேன். எல்லாம் அறுத்து முடிச்சப்பறம் கேக்கறேன். இப்போ குனி."

குனிஞ்சேன். பொழுது சாயற வரைக்கும் நிமிரல.