தலை கழுவும்போது சொன்ன ‘சரி’

பார்லர் அக்காவுக்குக் காது ஒரே நாளில் மந்தமாகிவிடவில்லை. கூட்டத்தில் பின்வரிசைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொருவராக எழுந்து போவார்களே, அப்படித்தான் சத்தங்கள் போயின. முதலில் கெட்டிலின் விசில் போயிற்று. அப்புறம் மழைத் தூறல். அப்புறம் போனில் மகளின் குரல். அக்காவோ எதுவும் தெரியாமல் கடையைத் திறந்தாள், முடி வெட்டினாள், சாயம் போட்டாள், சாயங்காலம் கூட்டிப் பெருக்கிப் பூட்டினாள். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றே நம்பினாள்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவள் தொழிலில் எதிரே எப்போதும் ஒரு பெரிய கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பேசினால், பின்னால் நிற்கிற அவள் கண்ணாடியில் உதட்டைப் பார்த்துவிடுவாள். பாதி காதால், பாதி கண்ணால். இப்படிச் செய்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது. நமக்கு மூச்சு விடுவது தெரிகிறதா என்ன?

கண்ணாடி உதவாத இடம் ஒன்றே ஒன்று. கடையின் பின்பக்கம் தலை கழுவும் பேசின். அங்கே வந்தவர் மல்லாந்து, கழுத்தை விளிம்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். முகம் தலைகீழ். குழாய் வேறு கொட்டிக்கொண்டிருக்கும். பாருங்கள், மனிதர்கள் மனதைத் திறப்பதும் அங்கேதான். கண்ணாடிக்கு முன்னால் யாரும் அந்தரங்கம் பேசுவதில்லை. தன் முகமே எதிரில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிறதே! வெந்நீர் ஓட, இன்னொருத்தியின் விரல்கள் உச்சந்தலையைப் பிடித்துவிட, கண் மூடியிருக்கும்போதுதான் உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே வரும்.

அக்காவுக்கு அது ஒரு முனகலாகத்தான் கேட்கும். குரல் மேலே ஏறி நின்றால் ஏதோ கேள்வி என்று புரிந்துகொண்டு, "ம்ம், அதான் சரி" என்பாள். ஏழெட்டு வருடமாக இதே பதில். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. "பார்லர் அக்காகிட்ட சொன்னா மனசு லேசாயிடும். குறுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாங்க" என்று தெருவில் நல்ல பெயரே கிடைத்திருந்தது.

விடுமுறைக்கு வந்த மகள்தான் கண்டுபிடித்தாள். துண்டு மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "அம்மா, வீடு தீப்பிடிச்சிருக்கு" என்று சாதாரணக் குரலில் சொன்னாள். அம்மா அடுத்த துண்டை எடுத்தாள். மறுநாள் காலையே காது சோதிக்கும் இடத்துக்கு இழுத்துப் போய்விட்டாள்.

அங்கே ஒரு சின்ன அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பரிசோதகப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அக்கா சரியாக அழுத்தினாள். பத்து நிமிடம் கழித்து அந்தப் பெண் எழுந்து வந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அதற்கப்புறம் அக்கா பொத்தானைத் தொடவே இல்லை.

"உங்களுக்கு என்ன வயசும்மா?"

"அம்பத்திநாலு."

"காதுக்கு எழுபத்தஞ்சு. உங்களைவிட மூத்தவங்க, இனிமே மரியாதையா பாத்துக்குங்க."

பாதாம் பருப்பு அளவில் இரண்டு கருவிகள், காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மாதிரி. முதல் வாரம் வீட்டில் மட்டும், நாளைக்கு நாலு மணி நேரம், பிறகு தெரு, பிறகுதான் கடை என்று அந்தப் பெண் திட்டம் போட்டுக் கொடுத்தாள். "மூளை இத்தனை வருஷம் லீவுல இருந்திருக்கு. வந்த அன்னைக்கே ஓவர்டைம் குடுக்காதீங்க."

முதல் வாரம் ரகளைதான். செய்தித்தாளைப் பிரித்தால் தகரக் கூரை சரிந்தது. குளிர்சாதனப் பெட்டி இரவு பகலாகப் பெருமூச்சு விட்டது. தன் குரலே டிரம்முக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரரைப் பார்த்து அசந்துபோனாள்.

"என்னங்க, எப்பவுமே இப்படித்தான் மெல்லுவீங்களா?"

அவர் பஸ் டிரைவர். ஹாரன் மாதிரியே பேசிப் பழகியவர். "கல்யாணமான நாள்லேர்ந்து இதே பல்லு, இதே வாய்தான்!"

"ஏன் கத்தறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்."

"நேத்து வரைக்கும் கத்து கத்துன்ன. இன்னைக்குக் கத்தாதேங்கற. கியர் மாத்த ஒரு வாரம் டைம் குடும்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவர், வழக்கம்போல அங்கே நின்று ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்டுச்சு!" என்றாள் அக்கா கூடத்திலிருந்து.

"போச்சுடா. வீட்டுல இருந்த ஒரே சுதந்திரமும் போச்சு."

கடையில் போட்டுக்கொள்ளும் நாள் வந்தபோது அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழகு பார்க்க வருகிறவர்கள் முன்னால் காதில் கருவியா? எப்போதும் தூக்கி முடிகிற கூந்தலை வெட்டி, காதை மூடுகிற மாதிரி இறக்கி விட்டுக்கொண்டாள். "புது ஸ்டைலா அக்கா? எனக்கும் இதே மாதிரி" என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். வெட்டியும் விட்டாள். வேறென்ன செய்வது?

அந்த வாரம்தான் மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. நாற்காலியில் மாடி வீட்டு பேக்கரிக்காரம்மா.

"மேல என்ன, சுவரை இடிக்கிறாங்களா?"

"கிண்டலா அக்கா? எங்க வீட்டுக்காரர் ட்ரம்ஸ் வாசிக்கிறார். ஒரு வருஷமா வாசிச்சிட்டுதானே இருக்கார்?"

"ட்ரம்ஸா? இந்த வயசுலயா? யார் குடுத்த யோசனை?"

"நல்லா கேட்டீங்க போங்க! ரிட்டயரானவர் சும்மா உக்காந்திருக்கார், ட்ரம்ஸ் வாங்கித் தரட்டுமான்னு உங்ககிட்டதானே கேட்டேன். தலை கழுவும்போது. 'அதான் சரி'ன்னீங்களே."

அக்காவின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ இந்தத் தெருவுல நடந்த பாதிக் கூத்துக்கு நீதான் காரணம்!" அக்காவும் சிரித்தாள். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். வேறு எதற்கெல்லாம் தலையாட்டினோம்?

பதில் சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்தது, எதிர்க்கடைத் தையற்காரியின் உருவத்தில்.

தையற்காரிக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழு வருடமாக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமைகளில் தலை கழுவ வருகிறவள். அக்காவுக்கு உடன்பிறப்பு இருந்தால்கூட இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்காது. அவள் மல்லாந்து கண்ணை மூடினாள். அக்கா ஷாம்பூ போட்டு நுரை எழுப்பினாள். பேசினில் அவள் குரலை அக்கா முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். நினைத்திருந்ததைவிட மெல்லிய, கொஞ்சம் தயங்குகிற குரல்.

"அதனால இன்னைக்கு அஞ்சு மணிக்கு மருந்துக்கடைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்கா. நீங்க சொன்ன மாதிரியே."

"நான் என்ன சொன்னேன்?"

"அதான், அவரைக் கட்டிக்க முடியாதுன்னு சொல்லிடட்டுமான்னு ரெண்டு வாரம் முன்னாடி கேட்டேன்ல? அதான் சரின்னீங்க. நானும் முடிவு பண்ணிட்டேன். அவரும் இன்னைக்குப் பதில் சொல்லுன்னிருக்கார்."

அக்கா குழாயை மூடினாள். மருந்துக்கடைக்காரர் மனைவியை இழந்து ஒன்பது வருடம். மாத்திரை கொடுக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிற மனிதர். அவர் இவளைக் கேட்டிருக்கிறார்! இவள் அதை இங்கே படுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள்! தன் வாயிலிருந்து விழுந்த ஒரு வெறும் ‘சரி’யைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்தக் கதவைச் சாத்தப் போகிறாள்.

'யோசிச்சுப் பாத்தேன், வேற மாதிரி தோணுது' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. ஆனால் அதுவும் கேட்காமல் சொல்கிற பதில்தானே? அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, முன்பக்கம் வந்து, காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

"கண்ணைத் திறந்து இதைப் பாரு."

தையற்காரி பார்த்தாள். "என்ன இது?"

"காது மிஷின். கடையில போட ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி, இங்க படுத்துக்கிட்டு நீ சொன்னது ஒண்ணுமே எனக்குக் கேட்டதில்லடி. ஒரு வார்த்தைகூட."

தையற்காரி நுரைத் தலையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் குழாய்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

"குழாயே தேவலாம். அது தலையாட்டாது."

"சிரிக்காதீங்க! உங்ககிட்ட சொல்லியாச்சுன்னுதான் வேற யார்கிட்டயும் நான் வாயைத் திறக்கல. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுக்கென்ன?"

"கேக்கலங்கறதே எனக்குத் தெரியலயே..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இல்ல. தெரியும். இங்க மட்டும் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தையற்காரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள். நுரை வழிந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர்.

"நுரையோடயா ரோட்டைத் தாண்டப் போற?" என்றாள் அக்கா.

கோபித்துக்கொண்டு போவதற்கும் ஒரு கோலம் வேண்டுமில்லையா? தையற்காரி திரும்பி வந்து படுத்தாள். "கழுவி விடுங்க. பேசமாட்டேன்."

அக்கா குழாயைத் திறந்தாள். நீர் தலையில் பட்டுத் தெறிப்பதும், பேசின் ஓட்டையில் சுழன்று இறங்குவதும் தனித்தனியாகக் கேட்டது. நடுவே வேறொரு சத்தம், விட்டு விட்டு, மூக்கிலிருந்து. அக்கா உற்றுக் கேட்டாள். பிடிபடவில்லை.

"ஏய், அழறியா சிரிக்கிறியா? கோவிச்சுக்காத. எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியல."

 தையற்காரி வெடித்துச் சிரித்துவிட்டாள். தண்ணீர் மூக்கில் ஏறி, தும்மல் வந்து, அக்காவின் புடவையெல்லாம் நனைந்தது. "ரெண்டும்தான்கா. ரெண்டும்தான்!"

அக்கா அவளை எழுப்பித் துண்டைச் சுற்றி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தினாள். "இப்போ சொல்லு. முதல்லேர்ந்து. மெதுவா."

தையற்காரி சொன்னாள். அக்காவுக்கு எல்லாம் ஒழுங்காக விழவில்லை. நாலைந்து இடத்தில் நிறுத்தி, "மறுபடி சொல்லு" என்றாள். மறுபடி சொல்லும்போது தையற்காரியே சில சமயம் வேறு மாதிரி சொன்னாள்; முதலில் சொன்னதைவிட அதுதான் உண்மையாகவும் இருந்தது.

"அவர் மேல குறை ஒண்ணும் இல்லக்கா. நான்தான். அம்மா போனதுலேர்ந்து தனியாவே இருந்துட்டேன். கத்தரிக்கோல் வெச்ச இடத்துல இருக்கணும். ஒருத்தர் வந்து அதை நகத்தி வெச்சா, நான் என்ன பேசுவேன்னு எனக்கே பயமா இருக்கு. நல்ல மனுஷனைக் கூட்டி வெச்சுத் திட்டறதா?"

"இதை அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பின்ன யார்கிட்ட சொன்ன?"

"உங்க... குழாய்கிட்ட."

"அவருக்கும் காது இருக்குல்ல? என் காதைவிட நல்லாவே கேக்கும்."

"நீங்க என்னதான் சொல்றீங்க? கட்டிக்கவா, வேணாமா?"

அக்கா வாயைத் திறந்தாள். பழைய பதில் தானாக வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியலடி. நிஜமாவே தெரியல. அவரை எனக்குப் புடிக்கும். ஆனா உன் வீட்டுல அவர் இருந்தா எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். கத்தரிக்கோல் கதையை அவர்கிட்ட சொல்லு. அவர் முகத்தைப் பாரு. அப்புறம் முடிவு பண்ணு. கேக்காம சொன்னதுக்கு நான் பொறுப்பு. கேட்டுட்டுச் சொல்றதுக்கு அவசரப்பட மாட்டேன்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தையற்காரி அரைகுறையாக உலர்ந்த தலையோடு கிளம்பிப் போனாள். சீவி விடுகிறேன் என்று சொல்லியும் நிற்கவில்லை.

ஆறரை மணிக்கு அக்கா வீட்டில் இருந்தாள். போன் அடித்தது. வழக்கமாக எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டிவிடுவாள். இன்று காதருகே கொண்டுபோனாள். ‘கீ’ என்று கருவி கத்தியது. அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி போனைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தாள். தையற்காரியின் குரல் வந்தது. அதே நேரம் சமையலறையில் மிக்ஸி உறுமியது.

"என்னங்க, அதை நிறுத்துங்க!"

மிக்ஸி நின்றது. வீட்டுக்காரர் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"கத்தரிக்கோல் விஷயத்தைச் சொன்னேன்கா. அவர் கையில இருந்த பாட்டிலைக் கீழ வெச்சார். அப்புறம், ஒன்பது வருஷமா கடையில தனியா நின்னு மருந்து பாட்டில்களோட பேசிட்டிருக்கேன், அதை நீ பொறுத்துப்பியான்னு கேட்டார். பொறுத்துப்பேன்னேன். நான் ஒத்துக்கிட்டேன்கா. கட்டிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அக்கா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"ஏன்கா, கேக்கலயா?"

"நல்லாக் கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்."