அப்பா சொல்ல வந்தது

"உ... உ..." என்று தொடங்கினார் அப்பா.

"உக்காரணுமாப்பா?" மகள் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தப் போனாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "உடம்பு வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடவா?"

அப்பா உதடுகளை மூடிக்கொண்டு, சரி என்பதுபோல் சிரித்தார். நர்ஸ் வந்து ஊசி போட்டாள். நான்கு மணிக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது.

அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஒரு கல்யாண வீட்டில் அவர் திக்கியதைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் சிரித்தபோது அவளுக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அவர் முதல் எழுத்தைத் தொட்டதுமே மீதியை இவள் சொல்லிவிடுவாள். கடைக்காரரிடம், டாக்டரிடம் என்று எங்கேயும் அப்படித்தான். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட, "எங்களுக்குச் சம்மதம்" என்று அவளேதான் முடித்து வைத்தாள்.

மறுநாள் காலை, அப்பாவோடு முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் வந்தார். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே எங்களுக்கு யாரும்மா கதை சொல்லுவா?"

"யாரு, அப்பாவா?"

"பின்ன? லிஃப்ட் பாதியில நின்னு ஆள் மாட்டிக்கிட்டா, நாங்க மேல மோட்டாரப் பாப்போம். உங்கப்பா கதவுகிட்ட உக்காந்து உள்ள இருக்கறவங்களுக்குக் கதை சொல்லுவாரு. திக்கித் திக்கித்தான். அடுத்து என்ன, அடுத்து என்னன்னு அவங்க பயத்தையே மறந்துடுவாங்க. ஒரு தடவ கதவத் திறந்தப்புறமும் ஒரு அம்மா வெளிய வரமாட்டேன்னுட்டாங்க, கதை முடியட்டும்னு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்ல பேசவே மாட்டாரே..."

"அதையும் சொல்லியிருக்காரு. 'எம்பொண்ணு கெட்டிக்காரி, நான் ஆரம்பிச்சா அவ முடிச்சிடுவா'ம்பாரு. பெருமையாத்தாம்மா சொல்லுவாரு."

அவள் கூனிக் குறுகிப்போனாள். அந்தக் கல்யாண வீட்டில் வெட்கப்பட்டது அப்பா அல்ல, அவள்தான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய மாலையில் அம்மா கேட்டாள்: "கடைசியா உங்கிட்ட என்னடி சொன்னாரு?"

'உங்கம்மாவப் பாத்துக்கோன்னாரும்மா' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'உ'வுக்குக் கச்சிதமாகப் பொருந்தியும் வந்தது. வழக்கம்போல இதையும் அவளே முடித்துவிடலாம்.

"'உ'ன்னு ஆரம்பிச்சாரும்மா. நான் விடல. என்னென்னவோ கேட்டு அவர் வாயை அடைச்சிட்டேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். அம்மா தரையைப் பார்த்தபடியே, "கல்யாணம் ஆன புதுசுல ஒருநாள் அவரு..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

நாலைந்து சொற்கள் மகளின் வாய்க்குள் முட்டிக்கொண்டு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

அம்மாவின் உதடுகள் அசைவதும் நிற்பதுமாக இருந்தன.