பதினெட்டு அங்குலம் ஆகாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் கேட்டு, நான் மழுப்பி, அந்தச் சிரமம் இருவருக்கும் வேண்டாம்.

சென்ற மாசியில் காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுச் சேலை டிசைனுக்கு அட்டை அடிக்கிறவர் வீடு. உட்காரச் சொல்லி ஒரு கறுப்பு மரப்பெட்டியைக் காட்டினார்கள். ஃபேனுக்கு நேராக நகர்த்திக்கொள்ளலாம் என்று இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அது பாஸ் கிடார் ஸ்பீக்கர் பொட்டி சார். நகராது" என்றார் வீட்டுக்காரர்.

"ஏன் நகராது?"

"அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வந்து டவுன் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார்.

இடுப்புவலி ஒன்பது நாள் இருந்தது. பெரிய கதை என்று ஆசை காட்டிவிட்டு பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள்மேல் எனக்குள்ள எரிச்சல்தான் இந்தக் கதை. அவர் சொல்லாததை நான் இட்டுக்கட்டுகிறேன். பெயர்கள், தேதிகள், தவறுகள் எல்லாம் என்னுடையவை.

2

முதல் தொடக்கம்: 'கோபுரத்தின் மேல் மாலை வெயில் மஞ்சளாகச் —'

வேண்டாம். காஞ்சிபுரத்துக் கதை என்றால் கோபுரத்தில்தான் தொடங்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

இரண்டாவது: 'தேவசகாயத்தின் உள்ளத்தில் இசை ஓர் ஊற்றாகப் பொங்கி —'

இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

மூன்றாவது: 'தேவசகாயம் இரண்டு வருஷமாக மேடையில் பாஸ் கிடார் வாசித்தார். அது ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.'

இது இருக்கட்டும்.

3

1974. மயில்வாகனம் என்பவர் அக்கார்டியன் வாசித்துக்கொண்டே ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தார். கல்யாண வரவேற்பு, ஆடி மாதக் கூழ் வார்ப்பு, மாதா கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். குழுவில் பாஸ் கிடார், அதாவது தாழ்ந்த சுரத்துக்கென்றே உள்ள நாலு தந்தி கிடார், தேவசகாயம். பகலில் அவருக்கு அட்டை அடிக்கும் வேலை. சேலையின் கரையில் எந்த இழை எழும்பவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதைக் கட்டம் போட்ட தாளில் பார்த்து, கெட்டி அட்டையில் துளை போடவேண்டும். ஒரு துளை தப்பினால் அன்னத்தின் மூக்கு வாலில் முளைக்கும். அவர் கையில் இதுவரை முளைத்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ குழாய் ஸ்பீக்கர். பந்தல் காலில் கட்டிவைக்கிற அந்தக் குழாயில் பாட்டுக்காரர் குரல் போகும், அக்கார்டியன் போகும், தாழ்ந்த சுரம் போகாது. (நம்பாதவர்கள் அடுத்த கல்யாணத்தில் குழாய்க்கு அடியில் நின்று கேட்டுக்கொள்ளலாம். காதுக்கு நான் பொறுப்பில்லை.) பாஸ் கிடாருக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கரும் அதை அடைத்துவைக்க அளவாக ஒரு பெட்டியும் வேண்டும். ஸ்பீக்கர் இருந்தது. பெட்டி இல்லை.

அவருடைய மனைவி வடிவு ஒருநாள் கேட்டேவிட்டார்:

"எல்லாரும் வாசிக்கறாங்க. நீ மட்டும் இன்னாய்யா, அத்த மாட்டிக்கினு வயித்த சொறிஞ்சிக்கினு நிக்கற?"

சித்திரை மாதத்தில் மயில்வாகனமும் பேச்சை எடுத்தார்.

"தேவா, தப்பா நெனைக்காத. பாங்கோ மேளம் ஜோருன்றான், அக்கார்டியன் ஜோருன்றான். உன்னப் பத்தி ஒருத்தன் வாயத் தொறந்தது இல்லபா. மைக் செட்டு ஆளுன்னு நெனைச்சிக்கினு கீறான்."

"கொழாய்ல பாஸ் வராதுணா. தனிப் பொட்டி வோணும்."

"அப்ப செய். வைகாசி இருவத்திரெண்டு, செவிலிமேட்டுல ரிசப்ஷன். அன்னிக்கு கூட்டத்துலேந்து ஒருத்தன், ஒரே ஒருத்தன், எங்கிட்ட வந்து பாஸ் கேட்டுச்சின்னு சொல்லட்டும். நீ இருக்கலாம். இல்லன்னா உன் எடத்துல ரெண்டாவது பாங்கோ. நீயா எவனையும் ஏவி வுடக்கூடாது, ஆமா."

தேவசகாயம் ஒப்புக்கொண்டார். இந்த நிபந்தனையை வடிவிடம் சொல்லவில்லை. சொன்னால் பாஸ் காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும் அவர் மேடைக்கே போய், "நல்லா கேட்டுச்சிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அந்தப் பிச்சை தேவசகாயத்துக்கு வேண்டாம். நிஜமாகவே கேட்கவேண்டும்.

4

பெட்டி.

நூலகத்தில் இருந்த ரேடியோ புத்தகம் ஒன்றைப் பார்த்து நான்கு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டார். உள்ளளவு: அகலம் பதினெட்டு அங்குலம், உயரம் இருபத்திநாலு, ஆழம் பதினாலு. பெட்டிக்குள் அடைபடும் காற்று எவ்வளவோ, அதைப் பொறுத்தது சத்தம். கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. கட்டத்தாளில் படம் வரைந்து, ஸ்பீக்கருக்கான வட்டத் துளையைச் சிவப்பு மையில் குறித்து, நிலைக்கதவும் தறிச் சட்டமும் செய்கிற பரசுராமன் ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரி தாளை வாங்கிப் பார்த்தார், காதில் பென்சிலைச் செருகினார், "ஆவட்டும்" என்றார்.

பதினாறாம் நாள் பெட்டி வந்தது. பசை போட்டு இறுக்கி, கறுப்பு வர்ணம் அடித்து, மூலைக்கு மூலை பித்தளைத் தகடு வைத்து. தேவசகாயம் அளவுகோலை எடுத்தார் —

இங்கேதான் நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். நடந்த தவறு நடக்கவேண்டுமானால் அவர் பெட்டியை அளக்கக்கூடாது. துளை தப்பாத மனிதர் அளக்காமல் எப்படி விடுவார்?

'வர்ணம் காயாததால் அளக்க —' நொண்டிச் சாக்கு.

'மகிழ்ச்சியில் அவருக்கு அளக்கவே தோன்ற —' அவரை எனக்குத் தெரியும். மகிழ்ச்சியிலும் அளப்பார்.

கடைசியில் ஒரு பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது பதில் கிடைத்தது. அவர் அளந்தார். துளையை அளந்தார். இருபது வருஷமாகத் துளை போட்டுப் பிழைக்கிறவர் துளையைத்தான் அளப்பார். குறுக்கே நாலு முறை, சுற்றளவு ஒரு முறை. மயிரிழை பிசகவில்லை. "கைய குடு ஆசாரி!" என்றார். துளையைச் சுற்றியிருந்த பெட்டியை அளக்க அவருக்குத் தோன்றவேயில்லை.

இதை நீங்கள் நம்பாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

5

வரவேற்புக்கு ஆறு நாள். பெட்டியின் உட்சுவரில் பட்டுக் கழிவை மெத்தையாக ஒட்டி, ஸ்பீக்கரைப் பொருத்தி, ஆம்ப்ளிஃபையரில் இணைத்துத் தேவசகாயம் முதல் தந்தியைத் தட்டினார். மெலிதாகக் கேட்டது. அடுத்த சுரம், அதுவும் மெலிது. மூன்றாவதைத் தொட்டார். அடுக்களையில் மூன்று தூக்குச்சட்டி கீழே விழுந்தன.

"இன்னாய்யா, லாரி வந்து மோதிச்சா?" என்று வடிவு ஓடிவந்தார்.

மறுபடி வாசித்துப் பார்த்தார். மற்றதெல்லாம் முனகல். அந்த ஒரே ஒரு சுரம் மட்டும் இடி. இரண்டு வருஷமாக எதுவும் கேட்காத மனிதருக்கு இப்போது ஒரே ஒரு சுரம் கேட்கிறது! இதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். அப்போதுதான் பெட்டியை அளந்தார்.

பரசுராமன் வீட்டு வாசலில் நடந்த பேச்சு:

"ஆசாரி, நான் எழுதிக் குடுத்தது இன்னா?"

"பதினெட்டு, இருவத்திநாலு, பதினாலு."

"செஞ்சது?"

"இருவது, இருவத்தியேழு, பதினாறு." பரசுராமன் உளி தீட்டுவதை நிறுத்தவில்லை. "பதினெட்டு ஆவாதுபா. இருக்கறதெல்லாம் பாழாப் பூடும். பதினாலு நஷ்டம். இருவத்திநாலு ஆயுசுக்கு ஆவாது. எங்கேந்துயா பொறுக்கிக்கினு வந்த, மூணும் மூணு முத்து?"

"அது மனையடி சாஸ்திரம்! வூட்டுக்கு! அடிக் கணக்கு! இது அங்குலம்!"

"அடிக்கு ஆவாதது அங்குலத்துக்கு மட்டும் ஆவுமா?"

"நான் வேதக்காரன், ஆசாரி! மாதா கோயிலுக்குப் போறவன்!"

"மரம் இன்னா மதம்னு எனக்குத் தெரியாது. கை என்னுது. என் கையால பதினெட்டு வெச்சது இல்ல, வெக்கவும் மாட்டேன்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

தேவசகாயம் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

(பரசுராமனை வில்லனாக்க நான் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. மனிதர் தேவசகாயத்தின் குடும்பம் பாழாகாமல் இருக்க மூன்று நாள் கூடுதலாக இழைத்திருக்கிறார். இப்படி நல்லது செய்கிறவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு தொல்லை!)

6

புதுப் பெட்டி செய்ய நாளில்லை. ஆசாரி செய்யவும் மாட்டார். தேவசகாயம் மறுபடி தாளை எடுத்தார். வந்திருக்கும் பெட்டிக்குள் 8640 கன அங்குலம். வேண்டியது 6048. மிச்சம் 2592. மிச்சக் காற்றை வெளியேற்ற அந்த இடத்தை எதையாவது வைத்து அடைக்கவேண்டும். செங்கல் ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று: 121½. வகுத்தார். இருபத்தொரு செங்கல், ஒரு சில்லு.

ஒவ்வொரு செங்கல்லாகக் கோணித்துணியில் சுற்றி, துளை வழியாக உள்ளே விட்டு, ஆடாமல் ஆப்பு வைத்து இறுக்கினார். வடிவு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி கட்றியா, வூடு கட்றியா?"

"பேசாம குடு."

"பால் காய்ச்சறப்ப சொல்லு, எங்க அம்மா வூட்டுக்கு சேதி அனுப்பணும்."

வேடிக்கை பார்க்க வந்த பரசுராமன் தூணில் சாய்ந்து நின்றார். "உள்ள நீ இன்னா வெச்சிக்கினாலும் அது உன் இஷ்டம். எங்கணக்கு மரத்தோட முடிஞ்சிபோச்சி."

இருபத்தொன்றும் உள்ளே போனபின் ஸ்பீக்கரை மாட்டி வாசித்தார். முதல் சுரம் கேட்டது. இரண்டாவது கேட்டது. மூன்றாவது, இடிக்காமல், மற்றவற்றோடு சமமாகக் கேட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாக, நெய்து இறக்கிய கரை மாதிரி. தேவசகாயம் தரையில் உட்கார்ந்துவிட்டார். வடிவு, பயந்து தரையில் இறக்கிவைத்திருந்த தூக்குச்சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே அடுக்கினார்.*

* இந்த இடத்தில் வடிவு ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்கே ஆசை. ஏழெட்டு வசனம் எழுதிக் கொடுத்தேன். எதையும் பேச மறுத்துவிட்டார்.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவு: வைகாசி இருபத்திரண்டு மாலை. மாட்டுவண்டியில் பெட்டி வருகிறது. ஐந்து பேர் திட்டிக்கொண்டே தூக்கி மேடையில் வைக்கிறார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன் வீரபாகு மேடையேறி, 'பாஸ் கிடார் பிரமாதம்!' என்று —

என்னால் இதை எழுத முடியவில்லை. காஞ்சிபுரத்தில், 1974-இல், ஜரிகை வேட்டி கட்டிய எந்தத் தாய்மாமன் பாஸ் கிடார் என்று பேர் சொல்லியிருப்பான்?

அதனால் இரண்டாவது. மேடை, மாடு, ஐந்து பேர், திட்டு எல்லாம் அப்படியே. இரண்டு பாட்டு முடிந்தது. வீரபாகு மேடையேறியது உண்மைதான். மயில்வாகனத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னிக்கு இன்னாவோ பாட்டு அப்டியே நெஞ்சுல வந்து ஒக்காருதுங்க! இன்னான்னு சொல்லத் தெரில" என்றார்.

"நம்ம அக்கார்டியன் புதுசு" என்றார் மயில்வாகனம்.

பின்னால் நின்றிருந்த தேவசகாயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டிருக்கிறது! கேட்டவனுக்கு என்ன கேட்டான் என்று தெரியவில்லை. தெரியாத பொருளின் பேரை எவன் வந்து சொல்லப்போகிறான்? இப்படியே இன்னும் பத்துப் பாட்டு வாசித்தாலும் எல்லோர் நெஞ்சிலும் உட்காரும், பெருமை அக்கார்டியனுக்குப் போகும், ஆடி மாதம் தன் இடத்தில் பாங்கோ நிற்கும். யாரையும் ஏவிவிடக்கூடாது என்று வாக்கு வேறு கொடுத்தாயிற்று.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. பல்லவி ஒருமுறை போயிற்று. மறுமுறை வரும்போது தேவசகாயம் செய்தது அவர் வாழ்நாளில் செய்யாதது. தெரிந்தே ஒரு துளையை விட்டார். நான்கு தந்தியின்மேலும் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டார்.

பாஸ் நின்றது.

பாட்டு மட்டும் போயிற்று. குழாயில் குரல், அக்கார்டியன், பாங்கோ. எல்லாம் இருந்தன, தரையைத் தவிர. குறைவது யாருக்காவது தெரிகிறதா என்று தேவசகாயம் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். வீரபாகு பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். வடிவு நான்காம் வரிசையில் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மயில்வாகனத்தின் முதுகு தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஒரு வரி முழுவதும் கையை எடுக்கப்போவதில்லை. எட்டு எண்ணிக்கை. ஒன்று. இரண்டு. மூன்று —

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வடிவு பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்ததாக எழுதிப் பார்த்தேன், இனித்தது. யாருமே நிமிரவில்லை என்று எழுதிப் பார்த்தேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டையும் கிழித்தாயிற்று. அட்டை அடிக்கிறவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் எனக்கு இந்தத் தலைவலியே இல்லை.

ஆனால் ஒன்று. மூன்றாம் பகுதியிலிருந்து நீங்களும் இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாஸ் கிடார் என்றால் என்னவென்று, வடிவை விட்டால், இந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை யாரும் ஏவிவிடவும் இல்லை. அது நின்றபோது உங்களுக்குத் தெரிந்ததா? தெரியவில்லை என்றால் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பந்தி போட்டாயிற்று. தெரிந்தது என்றால் அதை என்னிடம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. மயில்வாகனம் இன்னும் மேடையில்தான் இருக்கிறார். எழுந்து போய் அவரிடம் சொல்லுங்கள்.